தொண்டையில் வரும் அந்த இறுக்கம் வாயு அல்ல

கேள்வி: எனக்கு 57 வயது. ஒன்பது வருடமாகச் சர்க்கரை, மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அடுத்த மாதம் மனைவியுடன் தென் அட்லாண்டிக் கடலில் இருக்கும் செயின்ட் ஹெலினா தீவுக்குப் போகிறேன். ஜேம்ஸ்டவுனில் இருக்கும் ஜேக்கப்ஸ் லேடர் என்ற செங்குத்துப் படிக்கட்டின் 699 படிகளையும் ஏறிவிட வேண்டும் என்று ஆசை. அதற்காகத் தினமும் மாடிப்படி ஏறிப் பழகுகிறேன். வலது முழங்காலில் கடகட சத்தம். ஏறும்போது ஸ்மார்ட் வாட்ச் இதயத் துடிப்பு 158 காட்டுகிறது. உயரத்தில் மூச்சுத் திணறுமாமே, மலை நோய்க்குப் போடும் டயமாக்ஸ் மாத்திரை போடலாமா? நடுவில் தலை சுற்றி விழுந்துவிடுவேனோ என்றும் பயம். ஏறும்போது தொண்டையில் வாயு அடைப்பதுபோல் ஓர் இறுக்கம், இரண்டு நிமிடம் நின்றால் போய்விடும். அசிடிட்டி சிரப் குடிக்கிறேன். போன மாதம் மூன்றாவது மாடியில் வந்தது, இப்போது இரண்டாவதிலேயே வருகிறது. இசிஜி நார்மல். மாரடைப்பு வந்தால் போட என்று வாட்ஸ்அப்பில் சொன்னபடி ஆஸ்பிரினும் சார்பிட்ரேட்டும் வாங்கி வைத்திருக்கிறேன். என் அப்பா 58 வயதில் தூக்கத்திலேயே போனார்.

பதில்: படி ஏறும் பயிற்சியை இன்றோடு நிறுத்துங்கள். நாளைக் காலை ஓர் இதய மருத்துவரைப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

முழங்காலில் தொடங்கி அப்பாவில் முடித்திருக்கிறீர்கள். என் அறையிலும் இப்படித்தான் நடக்கும். சளி, இடுப்பு வலி எல்லாம் சொல்லி முடித்து, எழுந்து கதவருகே போன பிறகுதான் பலர் வந்த காரணத்தைச் சொல்வார்கள். நீங்கள் பயப்படுவது அந்தப் படிக்கட்டைப் பார்த்தல்ல. அப்பாவின் வயது நெருங்குகிறது, அதுதான். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கான ஆதாரம் அப்பாவிடம் இல்லை, உங்கள் தொண்டையில் இருக்கிறது.

வாயுவுக்கு மாடிக் கணக்குத் தெரியாது. சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும்போதும் வரும், குனியும்போதும் வரும். ஏறினால் வந்து, நின்றால் இரண்டே நிமிடத்தில் போகும் இறுக்கம் வேறு சாதி. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கியிருந்தால், சும்மா இருக்கும்போது வருகிற ரத்தம் போதும். ஏறும்போது தசை அதிகமாகக் கேட்கும், குழாயால் கொடுக்க முடியாது. அந்தப் பற்றாக்குறையைத்தான் ஆஞ்சைனா என்கிறோம். எல்லோருக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரும் என்று நினைக்காதீர்கள். தொண்டை, தாடை, இடது கை, மேல் வயிறு, எங்கே வேண்டுமானாலும் வரும். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் மூச்சிரைப்பாகவும் வரலாம். நின்ற இரண்டு நிமிடம் செய்த வேலைக்கு சிரப் பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறது.

என்னை உண்மையில் உலுக்கியது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. போன மாதம் மூன்றாவது மாடி, இப்போது இரண்டாவது. ஆறு மாதமாக ஒரே இடத்தில் நிற்கும் ஆஞ்சைனா என்றால் இந்த வாரத்துக்குள் பாருங்கள் என்பேன். குறைந்த வேலைக்கே வர ஆரம்பிக்கிறது என்றால் அது நகர்ந்துகொண்டிருக்கிறது. நாளை வரைகூட நிற்காமல் போகலாம். இன்று இரவு உட்கார்ந்திருக்கும்போதோ படுத்திருக்கும்போதோ வந்தால், அல்லது பத்து நிமிடத்துக்கு மேல் விடாமல் இருந்தால், வியர்வை கொட்டினால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே ஆம்புலன்ஸ், அவசர சிகிச்சைப் பிரிவு. நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது.

இசிஜி நார்மல் என்கிறீர்கள். இறுக்கம் இல்லாத நேரத்தில் படுக்கவைத்து எடுத்த இசிஜி, ஏறும்போது நடப்பதைப் பற்றி எதுவும் சொல்லாது. அதற்காக நீங்களாக ஏதாவது ஒரு லேப் பேக்கேஜில் டிரெட்மில் டெஸ்ட் எடுத்துக்கொண்டு வராதீர்கள். கூடிக்கொண்டே போகும் ஆஞ்சைனாவில் டிரெட்மில்லில் ஓடவைப்பதே ஆபத்தாகலாம். ரத்தப் பரிசோதனையா, எக்கோவா, நேராக ஆஞ்சியோகிராமா என்பதை உங்களைப் பார்க்கிற மருத்துவர் முடிவு செய்யட்டும்.

அந்த வாட்ஸ்அப் மருந்துப் பெட்டி. இதை எழுதிப் பரப்புகிறவர்களை ஒரு நாள் என் வார்டில் உட்காரவைக்க ஆசை. சார்பிட்ரேட் ரத்தக் குழாய்களை விரிக்கும் மாத்திரை, ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும். செங்குத்தான படியின் நடுவில் நின்றுகொண்டு அதை நாக்கடியில் வைத்தால், நீங்கள் பயந்த தலைசுற்றலை நீங்களே வரவழைத்துக்கொள்வீர்கள். ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை போட்டவர்களுக்கு உயிருக்கே ஆபத்து. வயிற்றுப்புண் உள்ளவர் ஆஸ்பிரினை விழுங்கினால் ரத்தக்கசிவு வரலாம். இரண்டும் நல்ல மருந்துகள்தான், எழுதிக் கொடுக்க ஆள் இருக்கும்போது. நாளை இரண்டையும் கையோடு கொண்டுபோய் மருத்துவர் மேசையில் வையுங்கள். வேண்டுமானால் அவரே எப்போது, எவ்வளவு என்று சொல்லிக் கொடுப்பார்.

இனி அந்தப் படிக்கட்டு. அது முதலில் வெறும் படிக்கட்டாக இருக்கவில்லை. 1829இல் ஜேம்ஸ்டவுனுக்கும் மேலே லேடர் ஹில் கோட்டைக்கும் இடையே சரக்கு வண்டிகளை இழுக்கத் தண்டவாளம் போட்டார்கள். 1871இல் அதைக் கழற்றிவிட்டார்கள், படிகள் மிஞ்சின. செங்குத்து உயரம் சுமார் 183 மீட்டர், ஏறத்தாழ அறுபது மாடி. சராசரியாக ஒரு படி 26 சென்டிமீட்டர். நீங்கள் பழகும் மாடிப்படி 17, 18 இருக்கும். ஆக, 699 என்பது உங்கள் கணக்கில் ஆயிரத்துக்கும் மேல். இரண்டாவது மாடியில் இறுக்கம் வருகிறவர் இதில் எந்த இடத்தில் நிற்பார் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

நின்ற பிறகு என்ன ஆகும் என்பதும் முக்கியம். நாலாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் தீவு. ஜேம்ஸ்டவுனில் மருத்துவமனை இருக்கிறது. ஆனால் பெரிய இதய சிகிச்சை என்றால் கடல் தாண்டித் தென்னாப்பிரிக்காவுக்கு விமானத்தில்தான் கொண்டுபோக வேண்டும். விமான நிலையம் வந்ததே அண்மையில்தான், பயணிகள் சேவை 2017இல் தொடங்கியது. அதற்கு முன் கேப்டவுனிலிருந்து ஐந்து நாள் கப்பல். வருகிற பயணிகளிடம் நோயாளியை விமானத்தில் வெளியேற்றும் செலவையும் சேர்த்துக் காப்பீடு கேட்கிறார்கள் என்றால் சும்மா இல்லை. அடைப்பு எடுக்க நிமிடக் கணக்குப் பார்க்கிற நோய் இது. காப்பீட்டுப் படிவத்தில் இந்த இறுக்கத்தை மறைக்காதீர்கள், பின்னால் பணம் வராது.

மற்ற கேள்விகளுக்கு வருகிறேன். டயமாக்ஸ் வேண்டாம். மலை நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் போனால்தான் வரும். லேடரின் உச்சி 300 மீட்டரைக்கூடத் தொடாது. அந்த மாத்திரை உங்களை நாலு தடவை சிறுநீருக்கு ஓடவைக்கும், வேறொன்றும் செய்யாது. முழங்கால் சத்தம்: வலி இல்லை, வீக்கம் இல்லை என்றால் சத்தத்தை விட்டுத்தள்ளுங்கள். வாட்ச்: அதிகபட்சத் துடிப்புக்கு 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு ஒரு சராசரி, ஆளுக்கு ஆள் மாறும். எண்ணைப் பார்க்காமல் உங்களால் முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். அதைவிட நல்ல கருவி கையில் கட்டக் கிடைக்காது.

சிகிச்சை முடிந்து மருத்துவர் சம்மதித்தால் லேடர் எங்கும் ஓடிவிடாது. ஸ்டென்ட் வைத்தபின் மலையேறுகிறவர்கள் என்னிடமே வருகிறார்கள். அப்போது வெயில் ஏறுமுன், கைப்பிடியை விடாமல், ஐம்பது படிக்கு ஒரு முறை நின்று ஏறுங்கள். பையில் கொஞ்சம் சர்க்கரை இருக்கட்டும், உங்கள் மாத்திரையைப் பொறுத்து நடுவில் சர்க்கரை இறங்கிவிடலாம். ஏறியதோடு போதும். இறங்கும்போதுதான் தொடை நடுங்கிக் கால் இடறும். மேலேயிருந்து கார் ரோடு இருக்கிறது, உங்கள் மனைவி காரில் மேலே வந்து காத்திருக்கட்டும்.

நாளை மருத்துவரிடம் போகும்போது “வாயு” என்ற சொல்லை வாயில் கொண்டுவராதீர்கள். அதைக் கேட்டதும் உங்களுக்கு இன்னொரு சிரப் எழுதிக் கொடுப்பவர்களும் உண்டு. “ஏறினால் தொண்டை இறுகுகிறது, நின்றால் போகிறது, முன்பு மூன்றாவது மாடி, இப்போது இரண்டாவது. எனக்குச் சர்க்கரை. அப்பா 58இல் திடீரென இறந்தார்.” இதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் முதலில் படித்துக் காட்டுங்கள். முழங்காலைப் பற்றி அவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.