பாலூட்டும் தாய் வேலைக்குத் திரும்பும்போது: தாய்ப்பால் ஆலோசகரின் பதில்கள்

கேள்வி: குழந்தைக்கு நான்கு மாதம். இரண்டு வாரத்தில் வேலையில் சேர வேண்டும். இப்போதே பாலைச் சேர்த்து ஃபிரீசரை நிரப்ப வேண்டுமா?

வேண்டாம். முதல் நாளுக்குத் தேவையான அளவும், கைகாவலாக இன்னொரு வேளைக்கான அளவும் இருந்தால் போதும். வேலைக்குப் போவதால் பால் வற்றுவதில்லை. மார்பில் பால் தேங்கி நிற்கும்போதுதான் சுரப்பு மெல்லக் குறைகிறது. ஆகவே, வீட்டில் இருந்தால் குழந்தை எத்தனை முறை குடிக்குமோ, ஏறத்தாழ அத்தனை முறை, அதாவது மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையாவது, வேலையிடத்திலும் பாலை எடுத்துவிடுங்கள். இப்போதிருந்தே காலையில் முதல் பால் கொடுத்த பிறகு ஒருமுறை பீய்ச்சிப் பழகுங்கள். தொடக்கத்தில் சில சொட்டுகளே விழும். பால் எடுக்கும் பம்பை உடனே எடுத்துவிடாமல், மார்பை மெதுவாக நீவிவிட்டு, குழந்தையின் படத்தையோ அதன் வாசனை படிந்த துணியையோ அருகில் வைத்துக்கொண்டு ஓரிரு நிமிடம் பொறுத்திருந்தால், சொட்டாக விழுந்தது தாரையாக மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

கேள்வி: எடுத்த பால் எவ்வளவு நேரம் கெடாமல் இருக்கும்?

25 டிகிரி வரையிலான அறை வெப்பத்தில் 4 மணி நேரம், குளிர்பெட்டியில் 4 நாள், ஃபிரீசரில் 6 மாதம். உறைந்த பாலைக் குளிர்பெட்டியில் வைத்து உருக்கினால், முழுவதும் உருகியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். மறுபடி உறைய வைக்கக் கூடாது. குழந்தை குடித்து மீந்ததை 2 மணி நேரத்துக்குப் பிறகு கொட்டிவிடுங்கள். மைக்ரோவேவில் ஒருபோதும் சூடாக்காதீர்கள்: புட்டி கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும்போதே, உள்ளே ஓரிடத்தில் மட்டும் பால் கொதித்துக் குழந்தையின் வாயைச் சுட்டுவிடும்.

கேள்வி: புட்டியை வாயருகே கொண்டுபோனாலே அழுகிறாள்.

நீங்கள் அறையில் இல்லாதபோது வேறொருவர் கொடுக்கட்டும். பசி முற்றுவதற்கு முன்பே, குழந்தையைச் சற்று நிமிர்த்தி வைத்து, புட்டியைக் கிடைமட்டமாகப் பிடித்து, இடையிடையே நிறுத்திக் கொடுக்க வேண்டும். ஏற்கவில்லையென்றால் சிறு கிண்ணத்தாலும் புகட்டலாம். வாயில் திணிக்காதீர்கள்.

கேள்வி: பால் எடுக்க இடைவேளை கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

நீங்கள் சலுகை கேட்கவில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு 183ஆம் உடன்படிக்கை, பாலூட்டும் இடைவேளையை ஊதியத்துடன் கூடிய வேலை நேரமாகவே கணக்கிடச் சொல்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு, வேலையில் சேருவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். கழிப்பறையைக் காட்டினால் ஏற்காதீர்கள். நீங்கள் எடுப்பது குழந்தையின் உணவு.

கேள்வி: இவ்வளவு பாடு எதற்கு? வேலைக்குப் போகும் முன்பே பாலை நிறுத்திவிடுவதுதானே நல்லது?

நிறுத்துவது தாயின் முடிவு; அதற்காக யாரும் அவரைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் திடீரென்று நிறுத்தினால் பால் கட்டிக்கொண்டு வலியும் காய்ச்சலும் வரக்கூடும். ஒவ்வொரு வேளையாக, சில நாள் இடைவெளி விட்டுக் குறைக்க வேண்டும்.

மற்றொருவர்: அவர் சொல்வதே சரி. பகலில் மாவுப்பால், இரவில் தாய்ப்பால் என்று அரைகுறையாகக் கொடுப்பதில் என்ன பயன்?

இதை நான் ஏற்கவே மாட்டேன். ஒரு வேளை கொடுத்தாலும் அந்தப் பாலில் உள்ள நோய் எதிர்ப்புப் பொருள்கள் குழந்தைக்குக் கிடைக்கத்தான் செய்கின்றன. சில நாள்களில் உடலும் அந்த நேரக் கணக்குக்குப் பழகி, பல தாய்மாருக்குப் பகலில் மார்பு கனப்பது குறைந்து, காலையிலும் இரவிலும் சுரப்பு தொடர்கிறது. முழுவதும் கொடு, இல்லையேல் நிறுத்திவிடு என்று சொல்லிச் சொல்லியே, தொடர்ந்திருக்கக்கூடிய தாய்மாரையும் நிறுத்த வைத்துவிடுகிறோம். வேலை முடிந்து வீடு திரும்பியவுடன், உடை மாற்றுவதற்குள் குழந்தை மார்பில் முகம் புதைத்துக்கொள்ளும் அந்தப் பத்து நிமிடத்தை அரைகுறை என்று சொல்லாதீர்கள்.

கேள்வி: பனிக்கட்டிப் பையில் வைத்த பால் எத்தனை மணி நேரம் தாங்கும்?

உறைந்த பனிக்கட்டிப் பொதிகளுடன், வெப்பம் புகாத பையில் 24 மணி நேரம். மற்ற அளவுகளை மேலே சொல்லிவிட்டேன். கேட்பதற்கு முன் தயவுசெய்து படியுங்கள்.

கேள்வி: மைக்ரோவேவில் பத்து விநாடி மட்டும்?

கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்தில் புட்டியை வையுங்கள்.

கேள்வி: மார்பில் ஓரிடம் சிவந்து கல்லாக இருக்கிறது; காய்ச்சலும் அடிக்கிறது.

இன்றே மருத்துவரைப் பாருங்கள். பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: வேலையில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. தினமும் அழுகிறேன், குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

குழந்தையைப் பிரிந்த முதல் சில நாள்களில் அழுகை வருவது இயல்பு. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே நீடித்தால் அது மகப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். அது சிகிச்சையால் குணமாகும் நோய், உங்கள் குறை அல்ல. பாலூட்டும் காலத்திலும் உட்கொள்ளத் தக்க மருந்துகள் உள்ளன. பால் கொடுப்பதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். உங்களையோ குழந்தையையோ துன்புறுத்திவிடுவேனோ என்ற எண்ணம் ஒருமுறை வந்திருந்தாலும், குழந்தையை நம்பிக்கையான ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு, இப்போதே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.