தப்பு மட்டும்

அன்புள்ள ஐயா,

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. என் மகனுக்கு 12 வயது. எந்நேரமும் மேசையையும் வாளியையும் தட்டிக்கொண்டே இருக்கிறான். அவனுக்கு ஒரு வாத்தியம் பழக்க ஆசைப்படுகிறோம். கீபோர்ட் நல்லதா, கிட்டார் நல்லதா? 12 வயது பிந்திவிட்டதா? வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கு அனுப்பலாமா? எங்கள் குடும்பத்தில் சங்கீதம் தெரிந்தவர் யாரும் இல்லை. மாமனார் தப்பு மட்டும் அடிப்பார். இப்போது அதுவும் இல்லை. அந்தப் பறை தோல் கிழிந்து குசினிச் சுவரில் தொங்குகிறது. மகன் அதை எடுத்தால் என் கணவருக்குக் கோபம் வருகிறது. எங்கள் தோட்டத்துத் திருவிழாவுக்குக்கூட இப்போது டீஜேதான். இந்தச் சூழலில் பிள்ளைக்கு இசையை எப்படிக் கற்றுக்கொடுப்பது?

— ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். 12 வயது பிந்தவில்லை. அந்தக் கேள்வியை அவன் காதில் விழும்படி கேட்காதீர்கள், அது போதும். கீபோர்ட் என்றால் 61 கட்டைக்குக் குறைந்தது வேண்டாம். மெதுவாக அழுத்தினால் மெதுவாகவும் வேகமாக அழுத்தினால் பலமாகவும் சத்தம் வருகிறதா என்று கடையிலேயே தட்டிப் பார்த்து வாங்குங்கள். அதில் தானாக ஓடும் தாளத்தை முதல் ஆறு மாதத்துக்கு அவன் தொடக் கூடாது. கிட்டார் என்றால் நைலோன் கம்பி போட்டது வாங்குங்கள், விரல் நோகாது. சங்கீத சபை 1931இலிருந்து நடக்கிறது. தரம் தரமாக எழுதினால் பிள்ளைக்கு ஓர் ஒழுங்கு வரும். எழுதட்டும்.

சரி, இதற்காக மட்டும் நான் பதில் எழுத உட்காரவில்லை. உங்கள் கடிதத்தில் ஒரு சொல் இருக்கிறது. "மாமனார் தப்பு மட்டும் அடிப்பார்." அந்த "மட்டும்" இரண்டு நாளாக என்னை விடவில்லை.

போன மாதம் தலவாக்கலைப் பக்கம் ஒரு சாவு வீட்டுக்குப் போனேன். கொழுந்து பறித்தே முதுகு வளைந்த ஒரு கிழவி. தோட்டத்து வரிசை வீடுகளில், நான் பிறந்த லயத்துக்குப் பக்கத்து லயம். தூக்குகிற நேரம் வந்தபோது தப்பு அடிக்க ஆள் இல்லை. பழைய ஆட்கள் போய்விட்டார்கள், அவர்களுடைய பிள்ளைகள் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். ஒரு தம்பி தன் போனில் தப்புச் சத்தம் ஒன்றைத் தேடி எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். சத்தம் பெரிதாகத்தான் வந்தது. பாடை வாசலைத் தாண்டும்போது நடுவில் ஒரு விளம்பரம் வந்தது. சவர்க்கார விளம்பரம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தம்பி போனைப் பிடித்தபடி தலையைக் குனிந்து நின்றான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனாவது எதையாவது தேடினான். அந்தக் கிழவிக்காக நானும் ஒன்றும் செய்ய முடியாமல் நின்றேன், ஏனென்றால் எனக்கும் அடிக்கத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவன் நான்.

என் பெரியப்பாதான் எங்கள் டிவிசனில் தப்புக்காரர். விடியற்காலை நாலரைக்கெல்லாம் அவர் இஸ்தோப்புத் திண்ணையில் மிலாறு போட்டு நெருப்பு மூட்டிவிடுவார். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிதானே எங்களுக்கு விறகு. அந்த நெருப்புக்கு முன்னால் தப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார். குளிரில் தோல் ஈரத்தைக் குடித்துத் தளர்ந்துபோகும், தட்டினால் நனைந்த சாக்கைத் தட்டின மாதிரி இருக்கும். சூடு பட்டு ஈரம் வெளியேறும்போது தோல் சுருங்கி இறுகும், சத்தம் மேலே ஏறும். எவ்வளவு காட்டுவது என்பதற்கு அவரிடம் கடிகாரம் கிடையாது. சுண்டுவிரலால் ஒரு சுண்டு சுண்டிக் காதைச் சாய்ப்பார். போதாதென்றால் மறுபடி நெருப்பு. கொஞ்சம் கூடிவிட்டால் தோல் வெடித்துவிடும். மிருதங்கக்காரர் சுதி சேர்க்கிற அதே காரியம். இதை என் பெரியப்பா மூடுபனிக்குள், ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு நாளும் செய்தார். அவருக்குச் சங்கீதம் தெரியாது என்று நீங்கள் சொல்வீர்களா?

பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கூட்டுவதற்கு, ஓர் அடி. அது கேட்டால் லயம் முழுக்க விளக்கு எரியும். மாரியம்மனுக்கு ஓர் அடி, அதில் சாமி இறங்கும். சாவுக்கு ஓர் அடி. அடுத்த டிவிசனிலிருந்து சத்தம் வந்தால், அடியைக் கேட்டே என் அம்மா "யாரோ போயிட்டாங்கடா" என்று அடுப்பை அணைப்பாள். காமன் கூத்துக்கு வேறு அடி. எழுதிவைத்த குறிப்பு ஒன்றும் கிடையாது, எல்லாம் கைக்குள் இருந்தது.

நான் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகு ஒரு சங்கீத வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். ஒரு நாள் ஆதி தாளத்தைக் கையால் போட்டுக்கொண்டு வாயால் சொற்கட்டுச் சொல்லச் சொன்னார் ஆசிரியர். எட்டு அட்சரம். ஒவ்வொன்றுக்கும் நான்கு நான்காக "தகதிமி" சொல்லும்வரை எல்லாரும் சொன்னோம். அப்புறம் கையை அப்படியே வைத்துக்கொண்டு மும்மூன்றாகத் "தகிட" சொல்ல வேண்டும். சதுஸ்ர நடையிலிருந்து திஸ்ர நடைக்கு மாறுவது. பத்துப் பேரில் ஒன்பது பேரின் கை வாயோடு சேர்ந்து ஓடிவிட்டது. என் கை நின்ற இடத்தில் நின்றது. எப்படி நிற்காமல் போகும்? நான் பிறந்த நாளிலிருந்து சாமிக்கும் சாவுக்கும் மும்மூன்றாகவே கேட்டு வளர்ந்தவன். ஆசிரியர் வியந்துபோய், "எங்கே படித்தாய்?" என்று கேட்டார். நான் சொன்னேன்: "ரேடியோவில் கேட்டுக் கேட்டு, சேர்."

தங்கச்சி, நான் பயந்துதான் அதைச் சொன்னேன். தப்பு என்று வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி என்ன சாதி என்று வரும். அது எனக்கு அந்த வயதிலேயே தெரிந்திருந்தது. வீட்டுக்கு வந்து ஆசிரியர் பாராட்டியதைப் பெருமையாகச் சொன்னேன், ரேடியோ என்று சொன்னதையும் சேர்த்து. பெரியப்பா குச்சியைச் சீவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமல், "ரேடியோவிலயும் நல்லாத்தான்டா அடிக்கிறாங்க" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் இருந்த ஏழெட்டு வருஷத்தில் என்னை ஒரு நாளும் குச்சியைப் பிடித்துப் பார் என்று கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது உங்கள் கணவருக்கு வருகிறேன். அவர் கோபத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தப்புக்காரன் வரமாட்டேன் என்று சொல்ல முடியாத காலம் ஒன்று இருந்தது. சாவு வீட்டில் அவனுக்கு வாசலோடு சரி, உள்ளே கூப்பிட மாட்டார்கள். கூலி என்று கொஞ்சம் சில்லறை, கொஞ்சம் சாராயம். அந்தச் சாராயத்தில் அழிந்த குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன். தன் அப்பா அப்படி வெளியே நின்றதைப் பார்த்த மகன், என் பிள்ளை அதைத் தூக்கக் கூடாது என்று சொன்னால், அவர் சொல்வது சுயமரியாதை. அடிக்க மறுத்த எல்லாரையும் நான் கும்பிடுகிறேன்.

ஆனால் அவரிடம் ஒன்று கேளுங்கள். அவருடைய அப்பாவை வாசலில் நிறுத்தியது யார்? மனிதர்கள். மாட்டுத்தோலும் மரவளையமும் என்ன செய்தன? கட்டாயத்துக்கு அடிக்க மாட்டேன் என்பது ஒன்று, என் வீட்டு வித்தையை என் பிள்ளை தொடக் கூடாது என்பது இன்னொன்று. முதலாவதைச் செய்கிற தைரியம் அவருக்கு இருக்கிறது. இரண்டாவதைச் செய்யும்போது, வெளியே நிறுத்தியவர்கள் சொன்னதையே அவர் தன் பிள்ளைக்குத் திருப்பிச் சொல்கிறார். தமிழ்நாட்டில் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையை எடுத்து மேடையில் ஆடி அடிக்கிறார்கள். 2025இல் மதுரையைச் சேர்ந்த பறை ஆசான் வேலு ஆசானுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. இதைச் சொன்னால் உங்கள் கணவர் கொஞ்சம் இறங்கி வரக்கூடும், அதற்காகச் சொல்கிறேன். விருது வந்த பிறகுதான் நம் வீட்டுச் சுவரில் தொங்குவது நமக்குக் கலையாகத் தெரிய வேண்டும் என்றால், அதில் எனக்குச் சம்மதம் இல்லை.

நீங்கள் ஆசிரியை. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் கருப்பொருள் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை இவற்றோடு பறையையும் சேர்க்கிறது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை. கரும்பலகையில் எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து, "எங்கள் குடும்பத்தில் சங்கீதம் தெரிந்தவர் யாரும் இல்லை" என்று எனக்கு எழுதுகிறீர்கள். மலையில் இருந்துகொண்டு, தங்கச்சி! 2023இல் நம் ஆட்கள், தமிழ்நாட்டிலிருந்து தோட்டத்துக்கு வந்த 200 வருஷ நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். அந்தக் காலத்தில் காட்டு வழியாக அப்படி நடந்து வந்தவர்களிடம் நிலமும் இல்லை, நகையும் இல்லை. கைக்குள் இருந்த அடிகளைத்தான் கொண்டுவந்தார்கள். அது உங்கள் மாமனார் கைவரை வந்து சேர்ந்திருக்கிறது.

டீஜேயைத் திட்ட எனக்கு மனமில்லை. பிள்ளைகள் ஆடட்டும். எங்கள் காலத்தில் ஏ.ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் பொப் பாட்டுகளுக்கு ஆடியதற்கு நாங்களும் திட்டு வாங்கியவர்கள்தான். ஆனால் மகனைக் கூட்டிக்கொண்டு, மன்மதன் எரிந்த கதையை ஆடுகிற ஒரு காமன் கூத்துக்குப் போங்கள். மாசியில் அமாவாசை கழித்துக் காமன் ஊன்றினால் பௌர்ணமிவரை நடக்கும். கடைசி இரவு பொட்டலில் ஒரு பக்கமாக உட்கார்ந்து, ரதியையும் மதனையும் விட்டுவிட்டு, அடிக்கிறவரை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அவருடைய கண் ஆடுகிறவரின் காலில் இருக்கும். கால் சோர்ந்தால் அடி தூக்கிவிடும். வீரபத்திரன் வரும்போது அவன் பொட்டலுக்குள் காலை வைக்கும் முன்பே அடி மாறியிருக்கும். மதன் எரிந்த பிறகு ரதி அழும்போது குச்சி தோலைத் தடவுகிற மாதிரி வரும். ஸ்பீக்கருக்குக் கண் கிடையாது. கேட்கிறவனைப் பார்த்துக்கொண்டே வாசிப்பது எப்படி என்று எந்த வகுப்பிலும் அவனுக்கு இவ்வளவு சீக்கிரம் கிடைக்காது. மேசையைத் தட்டுகிற பிள்ளைக்கு அதுதான் வேண்டும்.

ஆகவே கீபோர்ட் வாங்குங்கள். வகுப்புக்கும் அனுப்புங்கள். அதற்கு முன்னால் மாமனாரை உட்காரவைத்து ஒவ்வோர் அடியையும் வாயால் சொல்லச் சொல்லுங்கள். போனில் பிடித்துக்கொள்ளுங்கள், எந்த அடி எதற்கு என்பதையும் அவர் குரலிலேயே. அப்புறம் மகன் கையில் குச்சியைக் கொடுக்கச் சொல்லுங்கள். இடது கையில் மெல்லிய நீளக் குச்சி, வலது கையில் குட்டைத் தடிக் குச்சி. இரண்டு கையும் இரண்டு வேலை செய்யப் பழகினால், பிறகு கீபோர்டில் இடது கை தானாக வரும். ஆசிரியர் பாராட்டும் நாளில், எங்கே படித்தாய் என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தாத்தாவின் பேரைச் சொல்லட்டும்.

தோல் கிழிந்ததைப் பற்றிக் கவலை வேண்டாம். கிழிந்த தோலைக் கழற்றிப் போடலாம், வளையத்தை மட்டும் பத்திரமாக வையுங்கள். குசினிச் சுவரிலிருந்து இறக்கி, ஒரு துணியால் துடைத்து, பூச்சி அரித்திருக்கிறதா, பொருத்து விட்டிருக்கிறதா என்று பாருங்கள். நன்றாக இருந்தால் எனக்கு எழுதுங்கள். தோல் கட்டத் தெரிந்த ஒருவர் மஸ்கெலியாப் பக்கம் இன்னும் இருக்கிறார். அடுத்த மாதம் அந்தப் பக்கம் வருகிறேன், அவரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். உங்கள் மாமனாருக்குச் சம்மதமா என்று மட்டும் கேட்டுவையுங்கள். பேரனோடு சேர்த்து எனக்கும் ஓர் அடி சொல்லிக்கொடுப்பாரா என்றும் கேளுங்கள்.

அன்புடன்,
அண்ணன்