200 டெராபைட் டிஸ்க் வரும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: சிடி, டிவிடி மாதிரியான ஒரே டிஸ்கில் 200 டெராபைட் பிடிக்கும் என்று படித்தேன். வீட்டுப் படங்களும் வீடியோக்களும் சேர்ந்து கணினி நிரம்பிவிட்டது. இப்போது ஹார்ட் டிஸ்க் வாங்கலாமா, அது வரும்வரை பொறுக்கலாமா?

பொறுக்க வேண்டாம், ஹார்ட் டிஸ்கே வாங்குங்கள். ஒன்றல்ல, இரண்டு.

நீங்கள் படித்த செய்தி கட்டுக்கதை இல்லை. 2024 பிப்ரவரியில் ஷாங்காய் ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை அது. 1.6 பெட்டாபிட் என்று போட்டிருப்பார்கள். எட்டு பிட் ஒரு பைட், அதனால் எட்டால் வகுத்தால் 0.2 பெட்டாபைட், அதாவது 200 டெராபைட். டிவிடியில் கணக்குப் போட்டால் நாற்பத்திரண்டாயிரத்துக்கு மேல் வரும். படித்த அன்று நானும் வாயைப் பிளந்தவன்தான்.

அவர்கள் செய்தது உண்மையிலேயே கெட்டிக்காரத்தனம். டிஸ்கில் எழுதுவது என்றால் லேசரால் புள்ளி வைப்பது, அவ்வளவுதான். புள்ளி சிறுத்தால் கொள்ளளவு கூடும், ஒளியின் அலைநீளம் குறைந்தால் புள்ளி சிறுக்கும். சிடிக்கு 780 நானோமீட்டர் அகச்சிவப்பு, டிவிடிக்கு 650 சிவப்பு, ப்ளூ-ரேக்கு 405 நீல ஊதா என்று அலைநீளத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். லென்ஸும் கூடவே மாறியது. பக்கத்துப் பக்கத்துத் தடங்களுக்கு இடையே சிடியில் 1.6 மைக்ரான் இருந்த இடைவெளி ப்ளூ-ரேயில் 0.32 ஆனது, 700 எம்பி 25 ஜிபி ஆனது. அதற்குக் கீழே புற ஊதாவுக்குப் போனால் பிளாஸ்டிக்கே ஒளியை விழுங்கத் தொடங்கிவிடும். போதாக்குறைக்கு, ஒளியை அதன் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதிக்குக் கீழே குவிக்க முடியாது என்று ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அப்பே 1873லேயே கோடு கிழித்துவிட்டார்.

அந்தக் கோட்டைத் தாண்ட ஷாங்காய்க்காரர்கள் இரண்டு லேசரைச் சேர்த்தார்கள். 515 நானோமீட்டர் லேசர் புள்ளி வைக்கும். 639 நானோமீட்டர் லேசர் மோதிரம் போல நடுவில் ஓட்டையோடு அதன்மேல் விழுந்து, ஓரங்களில் எழுத்து பதியாமல் தடுத்துவிடும். ஓட்டைக்குள் மிஞ்சுவது 54 நானோமீட்டர் புள்ளி. நுண்ணோக்கியில் இதே யுக்திக்காக ஸ்டெஃபான் ஹெல் 2014இல் நோபல் வாங்கினார். இப்படிப்பட்ட புள்ளிகளை ஒரு மைக்ரான் இடைவெளியில் நூறு அடுக்கு வைத்தார்கள். சாதாரண ப்ளூ-ரேயில் ஒன்றோ இரண்டோ அடுக்குதான்.

சரி, பிறகென்ன குறை? எழுதும் லேசர் ஃபெம்டோ நொடி என்ற மிக மிகக் குறுகிய துடிப்பில் வேலை செய்வது, ஆய்வகச் சாமான். படிக்கவும் இரண்டு லேசர் வேண்டும். வேகத்துக்கு நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ப்ளூ-ரே 12 மடங்கு வேகத்தில் சுற்றினால் நொடிக்கு 54 எம்பி. அந்த வேகத்தில் 200 டெராபைட்டை நிரப்ப 42 நாளுக்கு மேல் ஆகும், இரவு பகல் நிறுத்தாமல். நாற்பதாவது நாள் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று நினைத்தாலே பகீரென்கிறது.

‘அடுத்த பெரிய டிஸ்க்’ என்ற பேச்சும் புதிதில்லை. இன்ஃபேஸ் என்ற நிறுவனம் ஹாலோகிராம் முறையில் 300 ஜிபி டிஸ்க் காட்டியது, 2010இல் கடையை மூடியது. 2014இல் சோனியும் பானசோனிக்கும் ‘ஆர்க்கைவல் டிஸ்க்’ அறிவித்தன: முதலில் 300 ஜிபி, பிறகு 500, பிறகு ஒரு டெராபைட் என்று திட்டம். 500 வரை வந்தது, அதுவும் பெரிய நிறுவனங்களின் காப்பகங்களுக்கு. வீட்டு மேசைக்கு வந்ததில் பெரியது 2010இல் வந்த பிடிஎக்ஸ்எல் என்ற ப்ளூ-ரே வகைதான், 100 ஜிபி, 128 ஜிபி. வீட்டில் எழுதும் ப்ளூ-ரே தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியோடு நிறுத்தியும்விட்டது. வேறு சில நிறுவனங்கள் இன்னும் போடுகின்றன.

இப்போது என் கதை. பழைய படங்களை முப்பது நாற்பது டிவிடிகளில் எழுதி வைத்திருந்தேன். போன வருடம் எடுத்துப் பார்க்கலாம் என்றால், மடிக்கணினியில் டிரைவே இல்லை! யுஎஸ்பி டிரைவ் ஒன்று வாங்கினேன். முதல் டிஸ்க் படித்தது. இரண்டாவது சர்ரென்று சுற்றும், மூச்சு வாங்குவது போல் நிற்கும், மறுபடி சுற்றும். கடைசியில் ‘டிஸ்கைச் செருகவும்’ என்று திரையில் வரும், உள்ளே டிஸ்க் இருக்கும்போதே. ஒன்பது டிஸ்க் இப்படிப் போனது. அவற்றில் ஒரு கீறல் கிடையாது. ஓரத்தில் மட்டும் நிறம் மங்கிப் புகை படிந்த மாதிரி இருந்தது. எழுதும் டிவிடியில் தகவல் பதிவது கரிமச் சாயத்தில். வெயிலும் சூடும் அதைத் தின்றுவிடும், நான் வைத்திருந்தது ஜன்னலோரத்து அலமாரி.

சிடி வைத்திருப்பவர்களுக்கு இடையில் ஒன்று: பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் எல்லோரும் பொத்திப் பொத்திக் காப்போம். தகவல் இருப்பதோ பெயர் எழுதும் மேல்பக்கத்துக்கு ஒட்டினாற்போல, மெல்லிய அரக்குப் பூச்சுக்குக் கீழே. டிவிடியில் அது இரண்டு தகடுகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கும்.

அதனால் புது டிஸ்க் செய்தி வந்தால் எத்தனை டெராபைட் என்று நான் பார்ப்பதில்லை. இருபது வருடம் கழித்து இதைப் படிக்க டிரைவ் கிடைக்குமா என்றுதான் பார்ப்பேன். சிடி 1982இல் வந்தது. இன்றைய ப்ளூ-ரே டிரைவ்களில் பெரும்பாலானவை அதையும் படிக்கும், உலகமே ஒரே வடிவத்துக்கு ஒத்துக்கொண்டதால்தான். ஷாங்காய் டிஸ்குக்கு அப்படி ஒரு ஒப்பந்தமும் இல்லை, கடையில் டிரைவும் இல்லை.

இப்போது நான் செய்வது: எல்லாம் இரண்டு ஹார்ட் டிஸ்கில், ஒன்று வீட்டில், இன்னொன்று அண்ணன் வீட்டில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டையும் செருகித் திறந்து பார்க்கிறேன். தொலைக்கவே கூடாத படங்கள் மட்டும், தேர்ந்தெடுத்தால் 80 ஜிபி கூட வராது, அவற்றை 100 ஜிபி எம்-டிஸ்கில் எழுதினேன். அதில் சாயம் இல்லை, கனிமப் படலம். ஆயிரம் வருடம் என்று விளம்பரம், முப்பது வந்தாலே எனக்குப் போதும். நீங்களும் செய்வதானால் டிரைவ் வாங்கும்போது பெட்டியில் ‘பிடிஎக்ஸ்எல்’ என்று இருக்கிறதா பாருங்கள், பழைய ப்ளூ-ரே டிரைவ் பல 100 ஜிபி டிஸ்கைப் படிக்காது. எழுதியதும் சரியாகப் பதிந்ததா என்று சோதிக்கும் ‘வெரிஃபை’ கொடுங்கள், அவசரத்தில் அதை விட்டுவிடாதீர்கள். அப்புறம் அந்த டிரைவையும் கேபிளோடு டிஸ்க் இருக்கும் பெட்டியிலேயே போட்டு வையுங்கள். என்னுடையது அங்கேதான் இருக்கிறது.