‘பழைய இரும்பு’ என்று எழுத விடாதீர்கள்

கேள்வி: வணக்கம் வக்கீல் சார். எனக்குச் சொந்த ஊர் வேலூர். பெங்களூரு காக்ஸ் டவுனில் குடியிருக்கிறேன். அப்பா ஆசையாக வைத்திருந்த 1969 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார் எங்களிடம் இருந்தது. அவர் காலமாகி நான்கு வருஷம் ஆகிறது. ஆர்.சி. இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது, புதுப்பிக்கவும் இல்லை. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் என் பெயரில் போட்டிருந்தேன். டிங்கரிங், பெயிண்ட் வேலைக்காக வண்டியை ஒரு ஷெட்டில் விட்டேன். மொத்தம் ஒன்றே முக்கால் லட்சம் என்று பேசி, அறுபதாயிரம் முன்பணமும் கொடுத்தேன். போன மாதம் ஷெட்காரர் போன் செய்து, “உள்ளே இடம் இல்லைன்னு வெளியே நிறுத்தினேன், காலையில பார்த்தா காணோம்” என்கிறார். ஸ்டேஷனில் “ஹளே காடி (பழைய வண்டி), அதை யார் திருடுவா? உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல சிவில் மேட்டர்” என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது ஊருக்கு வெளியே ஒருவர் பண்ணை வீட்டில் அதே நிறத்தில் ஒரு ஹெரால்ட் நிற்பதாக நண்பன் சொல்கிறான். நேராகப் போய்த் தூக்கி வந்துவிடலாமா? இன்சூரன்ஸ் கிடைக்குமா? இனி இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்வது?

பதில்: ‘தூக்கி வந்துவிடலாமா’ என்று கேட்டதை முதலில் முடித்துவிடுகிறேன். தூக்கி வராதீர்கள். அது உங்கள் வண்டிதானா என்பதே இன்னும் தெரியாது. உங்களுடையதாகவே இருந்தாலும், அடுத்தவர் காம்பவுண்டுக்குள் ஆள் சேர்த்துக்கொண்டு போனால் அத்துமீறல், கைகலப்பு என்று உங்கள் மேலேயே வழக்கு வரும். அதன் பிறகு எதிர் வழக்கில் பேரம் பேசும் நிலைக்கு வந்துவிடுவீர்கள். தூரத்தில் நின்று தெரிவதைப் படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அதோடு திரும்பி விடுங்கள்.

இப்போது எஃப்.ஐ.ஆர். உங்கள் விவகாரத்தின் மொத்த எடையும் இதில்தான் இருக்கிறது. ஸ்டேஷனில் சொன்ன “ஹளே காடி” என்ற வார்த்தையை அலட்சியப் பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டுக்கு 303ஆம் பிரிவு, மூன்று ஆண்டு வரை சிறை. ஆனால் திருடு போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழ் என்றால், மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலன்விசாரணையே செய்ய முடியாத சின்னக் குற்றமாக அது சுருங்கிவிடும். ஓடாத பழைய வண்டி, காயலான் கடை விலை என்று யாராவது எழுதி, நீங்களும் அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

அதனால் புகாரில் மதிப்பு என்ற இடத்தைக் காலியாக விடாதீர்கள், குறைத்தும் எழுதாதீர்கள். மதிப்புக்கு ஆதாரம் உங்கள் கையிலேயே இருக்கிறது. பெயிண்ட் வேலைக்கு மட்டும் ஒன்றே முக்கால் லட்சம் பேசப்பட்ட வண்டியை எந்த எஸ்.ஐ.யும் நாலாயிரம் ரூபாய் இரும்பு என்று எழுத முடியாது. ஷெட்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய எஸ்டிமேட், அறுபதாயிரம் போன யூ.பி.ஐ. ரசீது, முன்பு யாராவது விலைக்குக் கேட்டு அனுப்பிய செய்தி, வாங்கிப் போட்ட பாகங்களின் பில், இவை எல்லாவற்றையும் நகல் எடுத்துப் புகாரோடு கோத்துக் கொடுங்கள்.

இரண்டாவது, வண்டி எங்கே நின்றது என்ற கேள்வி. ஷெட்காரர் “வெளியே” என்கிறார். நீங்கள் அதை நம்பி அப்படியே எழுதிவிட வேண்டாம். ‘ஷெட்டில் ஒப்படைத்தேன், வெளியே நிறுத்தியதாக அவர் சொல்கிறார்’ என்று எழுதுங்கள். பொருள்களைப் பாதுகாப்பாக வைக்கும் கட்டடத்துக்குள் இருந்து திருடினால் அது 305ஆம் பிரிவு, ஏழு ஆண்டு வரை தண்டனை. இதில் நடைமுறை வித்தியாசம் பெரிது. மூன்று ஆண்டு முதல் ஏழுக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. நிலை அதிகாரியின் அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்திவிட்டு எஃப்.ஐ.ஆர். போடலாம் என்று புது நடைமுறைச் சட்டம், அதாவது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 173(3)இல் வழி விடுகிறது. 303இன் மூன்று ஆண்டும் அந்த வரம்புக்குள் வரும். 305க்கு அந்தச் சலுகை இல்லை. பழைய காரைப் பாகம் பாகமாகக் கழற்ற 14 நாளே அதிகம். அதிலும் ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ், அதாவது அடிச்சட்டம். அதன் மேல் பாடி துண்டுதுண்டாக போல்ட் போட்டு நிற்கிறது. ஸ்பானர் இருந்தால் போதும்.

ஷெட்காரரே விற்றிருந்தால்? அது நம்பிக்கை மோசடி, 316ஆம் பிரிவு, ஐந்து ஆண்டு வரை. எது நடந்தது என்று கண்டுபிடிப்பது போலீஸ் வேலை. நீங்கள் பிரிவு எண் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள். சிவில் மேட்டர் என்பதற்கும் இதுவே பதில். பணத் தகராறு தனி, பொருள் காணாமல் போனது தனி. புலன்விசாரணைக்குரிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013இல் சொல்லிவிட்டது.

மறுபடி ஸ்டேஷனுக்குப் போங்கள். கன்னடம் எழுதத் தெரியாது என்ற தயக்கம் வேண்டாம். வாயால் சொன்னாலும் அவர்கள் எழுதி, உங்களுக்குப் படித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்க வேண்டும். நகல் இலவசம். மின்னணு வழியிலும் கொடுக்கலாம், ஆனால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். ஷெட் வேறு ஸ்டேஷன் எல்லையில் இருந்தாலும் வாங்க மறுக்கக் கூடாது. எல்லை பார்க்காமல் பதியும் பூஜ்ய எஃப்.ஐ.ஆர். போட்டு, உரிய ஸ்டேஷனுக்கு அனுப்புவது அவர்கள் பொறுப்பு. அப்படியும் மறுத்தால் அதே புகாரை டி.சி.பி.க்கு, அதாவது போலீஸ் துணை ஆணையருக்கு, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் அதே நடைமுறைச் சட்டத்தின் 175(3)இன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் பிரமாணப் பத்திரத்தோடு மனு. டி.சி.பி.க்கு அனுப்பிய சான்று இல்லாமல் இந்த மனு நிற்காது. பலர் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிட்டுத்தான் எங்களிடம் வருகிறார்கள்.

ஆர்.சி. அப்பா பெயரில் இருக்கிறதே என்று பயப்படாதீர்கள். குற்றத் தகவலை உரிமையாளர்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. ஆனால் வண்டி கிடைத்த பிறகு அதைக் கோர்ட்டிலிருந்து வாங்கும்போது ‘நீங்கள் யார்’ என்ற கேள்வி வரும். இப்போதே இறப்புச் சான்று, வேலூர் தாலுகா அலுவலகத்திலிருந்து வாரிசுச் சான்று, வண்டியை நீங்கள் பெற்றுக்கொள்ள ஆட்சேபனை இல்லை என்று அம்மாவும் உடன்பிறந்தவர்களும் எழுதிய பத்திரம் ஆகியவற்றைத் தயார் செய்துவிடுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலோடு, வண்டி பதிவான ஆர்.டி.ஓ.வுக்கும் ஒரு கடிதம்: திருட்டுப் போன வண்டி, பெயர் மாற்றமோ தடையில்லாச் சான்றோ தரக் கூடாது என்று.

அந்தப் பண்ணை வீட்டுக்கு வருவோம். நண்பன் பார்த்ததைத் துணைத் தகவலாக எழுதிக் கொடுங்கள். போலீஸ் போய்ப் பார்க்கும்போது நிறமோ நம்பர் பிளேட்டோ எதையும் நிரூபிக்காது. சேஸிஸ் நம்பர், என்ஜின் நம்பர்தான் பேசும். ஆர்.டி.ஓ.வில் எப்போதோ கொடுத்த பென்சில் பிரிண்ட் (நம்பர் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பதிவு) நகல் அப்பாவின் பெட்டியில் இருக்கிறதா என்று தேடுங்கள். அதைவிட, உங்கள் வீட்டாருக்கு மட்டும் தெரிந்த அடையாளங்கள்: டேஷ்போர்டில் அப்பா துளை போட்டு மாட்டிய சுவிட்ச், பின் சீட்டுக்கு அடியில் ஒட்டுப் போட்ட தகரம், இப்படி எதையாவது புகாரிலேயே எழுதிவிடுங்கள். வண்டியைப் பார்த்த பிறகு சொன்னால் ‘பார்த்துவிட்டுச் சொல்கிறார்’ என்பார்கள்.

அவர் நல்ல விலை கொடுத்து, ரசீது வாங்கி, ஒன்றும் தெரியாமல் வாங்கியவராகவே இருக்கலாம். தெரியாமல் வாங்கியிருந்தால், திருட்டுப் பொருள் வாங்குவது பற்றிய 317ஆம் பிரிவில் அவர் குற்றவாளி ஆக மாட்டார். ஆனாலும் வண்டி அவருடையது ஆகிவிடாது. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் 27ஆம் பிரிவின் அடிப்படை, விற்றவருக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்கும் இல்லை என்பதுதான். அவர் கொடுத்த பணத்தை விற்றவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். கிரிமினல் வழக்கு இழுத்தடித்தால், வண்டியையே திருப்பிக் கேட்டு சிவில் வழக்கும் போடலாம். யாரிடம் இருக்கிறது என்று உங்களுக்கு முதலில் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷம் அவகாசம். பணமாக ஈடுகட்ட முடியாத பொருளைப் பொருளாகவே திருப்பித் தரச் சொல்லிக் கேட்க, 1963ஆம் ஆண்டு குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவு இடம் தருகிறது. அப்பாவின் ஹெரால்டுக்கு அதைவிடப் பொருத்தமான பிரிவு கிடையாது.

போலீஸ் கைப்பற்றினால், வழக்கு முடியும் வரை ஸ்டேஷன் வாசலில் வெயிலில் நின்று மக்கிப்போகும் என்று கவலைப்படுவீர்கள். படம் எடுத்து, பத்திரம் வாங்கிக்கொண்டு வண்டிகளைச் சீக்கிரம் ஒப்படைக்க வேண்டும் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002இலேயே சொன்னது. புது நடைமுறைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு அதற்கு நாள் கணக்கே வைத்திருக்கிறது: விவரப் பட்டியல் 14 நாளில், அதன் பிறகு 30 நாளுக்குள் உத்தரவு. இடைக்காலமாக வாங்கும் வண்டியை விற்கக் கூடாது, நிறம் மாற்றக் கூடாது. பாதியில் நின்ற பெயிண்ட் வேலையைக்கூட கோர்ட்டைக் கேட்காமல் தொடராதீர்கள்.

ஷெட்காரர்மீது தனியாக நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். நீங்கள் கொடுத்தது 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. ‘வண்டிகள் உரிமையாளர் பொறுப்பில்’ என்று போர்டு மாட்டியிருக்கிறார் என்பார். டெல்லி தாஜ்மகால் ஹோட்டலில் 1998இல் சாவியோடு ஒப்படைத்த மாருதி ஜென் திருடு போன வழக்கில், பார்க்கிங் ரசீதில் அந்த வாசகம் அச்சாகி இருந்தும் ஹோட்டல் தப்ப முடியவில்லை. ஒப்படைக்கப்பட்ட பொருள் எப்படிப் போனது, தன் பக்கம் கவனக்குறைவு இல்லை என்பதை வைத்திருந்தவரே காட்ட வேண்டும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. உள்ளே நிறுத்த வாங்கிய வண்டியை ராத்திரி ரோட்டில் விட்டவர் அதைக் காட்டுவது கஷ்டம்.

ஒரு எச்சரிக்கை. வேலைக்கூலி பாக்கி இருந்தால், தீரும் வரை வண்டியைப் பிடித்து வைக்க ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு மெக்கானிக்குக் கொடுத்த உரிமை உண்டு. விற்கும் உரிமை இல்லை. திருட்டுப் பிரிவிலேயே இதற்கு அழகான உதாரணம் இருக்கிறது: ரிப்பேருக்குக் கொடுத்த கடிகாரத்தை, கூலி பாக்கி வைத்துக்கொண்டு கடையிலிருந்து பறித்து வந்தால், சொந்தக் கடிகாரமே ஆனாலும் திருட்டு. ஆகவே அறுபதாயிரத்துக்கு என்ன வேலை நடந்தது என்ற கணக்கை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்சூரன்ஸ்: கிடைக்காது. தேர்ட் பார்ட்டி பாலிசி அடுத்தவருக்கு ஆகும் நஷ்டத்துக்கு, உங்கள் வண்டி திருடு போனதற்கு அல்ல. முழு பாலிசி இருந்திருந்தாலும் பதிவு காலாவதியான வண்டி என்று தட்டியிருப்பார்கள். தற்காலிகப் பதிவு முடிந்த சில நாளில் திருடு போன பொலேரோவுக்கு இழப்பீடு கிடையாது என்று சுஷில் குமார் கோதாரா வழக்கில் 2021இல் தீர்ப்பானது. வண்டி திரும்பி வந்தால் முழு பாலிசி எடுங்கள். ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட, தயாரிப்பு நின்றுபோன வண்டிகளுக்கு மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் வைக்க வேண்டும். ஏஜென்ட் வாய்க்கு வந்த தொகையைப் போட விடாமல், மதிப்பீட்டாளர் சான்றோடு பேசுங்கள்.

தடுப்பு பற்றிச் சட்டம் அதிகம் சொல்வதில்லை, பழைய வண்டிக்காரர்கள் சொல்வதைச் சொல்கிறேன். ஹெரால்டின் பானெட்டை வெளியே உள்ள கொக்கிகளைத் தள்ளிவிட்டு யார் வேண்டுமானாலும் முன்பக்கமாகச் சாய்க்கலாம். உள்ளே இரண்டு ஒயர் போட்டால் ஸ்டார்ட். நாள்கணக்கில் நிறுத்தும்போது டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து ரோட்டரை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது இன்றும் நல்ல பூட்டு; அது இல்லாமல் என்ஜின் ஓடாது. ஆனால் தள்ளிக்கொண்டோ, டோயிங் வண்டியில் ஏற்றியோ போகிறவனை அது நிறுத்தாது. அதற்குச் சக்கரப் பூட்டும், தனி பேட்டரி உள்ள ஜி.பி.எஸ். கருவியும் வேண்டும். அந்தக் காலத்துப் பல வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் இருக்கும், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும். தெரியாத எலக்ட்ரீஷியன் வண்டி ஒயரிங்கில் கருவியைக் கோத்தால் கருவியும் போகும், ஒயரிங்கும் போகும். ஷெட்டில் விடும் நாளில் ஒரு தாளில் சேஸிஸ் நம்பர், கிலோமீட்டர், உள்ளே இருக்கும் பொருள்கள், ‘இரவில் ஷெட்டுக்குள் நிறுத்தப்படும்’ என்ற ஒரு வரி, இருவர் கையெழுத்து. கூடவே செல்போனில் வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ.

பதிவு விஷயத்தில் உங்களுக்கு இரண்டு வழி உண்டு. ஐம்பது வருஷம் தாண்டிய, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கு 2021இல் மத்திய அரசு விண்டேஜ் பதிவு விதிகளைக் கொண்டுவந்தது. கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய நம்பரே நிற்கும். ஆனால் அந்தப் பதிவில் கண்காட்சி, ராலி, பராமரிப்பு போன்ற காரணங்களுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மாவை அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டும் என்றால் அது ஒத்துவராது. அப்போது வேலூர் ஆர்.டி.ஓ.வில் வாரிசுப் பெயருக்கு மாற்றி, ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்து, தடையில்லாச் சான்று வாங்கி, கர்நாடகப் பதிவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வரி கொஞ்சம் கையைக் கடிக்கும்.