'சீப்பர் பை தி டஜன் 2': குடும்பம் ஏன் விடுமுறைக்குக் கிளம்புகிறது?

சீக்வல் என்பது அதே பாத்திரங்களின் அடுத்த கட்டக் கதை. 'சீப்பர் பை தி டஜன்' என்ற 2003 ஹாலிவுட் நகைச்சுவைப் படத்தின் பேக்கர் குடும்பத்துக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். 2005-இல் வந்த இரண்டாம் பாகத்தில் மகள் நோரா ஹூஸ்டனுக்கும் இன்னொரு மகள் லோரெய்ன் நியூயார்க்குக்கும் கிளம்பப் போகிறார்கள். பிரியப்போகிறவர்களை ஒரே காட்சிக்குள் இழுத்துவரத் திரைக்கதைக்கு ஒரு சாக்கு வேண்டும். கல்யாண வீடு சிதறிய சொந்தங்களை ஒரே கூடத்தில் அடைப்பதுபோல, ஏரிக்கரை விடுமுறை அந்த வேலையைச் செய்கிறது.

இடம் மாறினால் மட்டும் சிரிப்பு வராது, மோதல் வேண்டும். அதற்குத்தான் எட்டுப் பிள்ளைகளோடு மர்டாக் குடும்பம். பேக்கர் அப்பாவாக ஸ்டீவ் மார்ட்டின், மர்டாக் அப்பாவாக யூஜின் லெவி; இந்த அப்பாக்கள் இருவரின் பழைய போட்டி படகுப் பந்தயம்வரை போகிறது. இருபது பிள்ளைகள் என்பதால் பலருக்கு முகம் காட்டத்தான் நேரம். படத்தின் பலவீனமும் அதுவே.

இது 1948-இல் இதே தலைப்பில் வெளியான, கில்பிரெத் என்ற நிஜக் குடும்பத்தைப் பற்றிய நூலின் கதை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, தலைப்பும் பன்னிரண்டு பிள்ளைகளும்தான் அங்கிருந்து வந்தவை.