சான்றிதழ் மூன்று கோப்புகளாக வந்தால்

கேள்வி: நிலாவெளியில் ஒரு விருந்தினர் விடுதி நடத்துகிறேன். முன்பதிவுத் தளத்துக்கு வாங்கிய பாதுகாப்புச் சான்றிதழ், சிஆர்டி, சிஏ-பண்டில், பி7பி என்று முடியும் மூன்று கோப்புகளாக வந்தது. நண்பர் முதலாவதை மட்டும், என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருளில் இயங்கும் எங்கள் சேர்வரில் ஏற்றினார். என் கணினியில் தளம் திறக்கிறது. விருந்தினர்களின் அண்ட்ரொயிட் கைபேசிகளிலோ எச்சரிக்கை வருகிறது. மற்ற இரண்டும் எதற்கு? பிரைவேட் கீ எனப்படும் தனிச்சாவி ஏன் வரவில்லை?
— வாசகர், திருகோணமலை

பதில்: சிஆர்டி, சிஇஆர் என்ற பின்னொட்டுகளை நம்பி எதையும் முடிவு செய்ய இயலாது; ஒரே பின்னொட்டுடன் இரு வேறு வடிவங்கள் வருவதுண்டு. கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். ஐந்து சிறு கோடுகளுடன் ‘பிகின் சர்டிஃபிகேட்’ என்ற வரி தொடங்கி, அடுத்த வரி ‘எம்ஐஐ’ என்ற ஆங்கில எழுத்துகளுடன் ஆரம்பித்தால் அது பெம் வடிவம்; புரியாத குறிகளாகத் தெரிந்தால் பெரும்பாலும் டெர் வடிவம். டெர் என்ற இரும வடிவத்தை 64 எழுத்துக்குறிகளால் எழுதி, மேலும் கீழும் ஒரு வரி சேர்த்ததே பெம். மின்னஞ்சலைக் காப்பதற்கென வகுக்கப்பட்டு 1993இல் வெளியான ஒரு நியமத்தின் பெயர் அது. நியமம் பரவவில்லை, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

உங்கள் சிக்கலுக்குக் காரணம் விடுபட்ட சிஏ-பண்டில்தான். கைபேசி நம்புவது தன்னுள் ஏற்கெனவே பதிந்துள்ள, சான்றிதழ் வழங்கும் நிறுவனங்களின் மூலச் சான்றிதழ்களை. அவற்றுக்கும் உங்கள் சான்றிதழுக்கும் நடுவே நிற்கும் இடைநிலைச் சான்றிதழைச் சேர்வர்தான் அனுப்ப வேண்டும்; பண்டிலில் இருப்பது அதுவே. கணினி உலாவி அதை முன்னரே சேமித்திருக்கலாம், அல்லது தானாகவே தேடிப் பெற்றிருக்கலாம். ஆகவே உங்களுக்குக் குறை தெரியவில்லை.

என்ஜின்எக்ஸ் பெம் வடிவத்தையே கேட்கும். முதலில் உங்கள் சான்றிதழ், அதன் கீழே பண்டில் என்ற வரிசையில் இரண்டையும் ஒரே கோப்பாக்குங்கள். வரிசை மாறினால், சாவி பொருந்தவில்லை என்று சேர்வர் மறுத்துவிடும். முதல் சான்றிதழின் ‘எண்ட்’ வரியும் அடுத்ததன் ‘பிகின்’ வரியும் ஒரே வரியில் ஒட்டிக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு என்டர் தட்ட மறந்ததற்காக அரைநாளைத் தொலைத்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

பி7பி கோப்பில் இருப்பதும் சான்றிதழ்களே. விண்டோஸ், ஜாவா போன்றவற்றுக்கான வேறொரு பொதி. உங்களுக்கு அது தேவையில்லை.

தனிச்சாவி உங்களிடம் மட்டும் இரகசியமாக இருக்க வேண்டியது; அது வராததே முறை. சான்றிதழுக்கான விண்ணப்பக் கோப்பான சிஎஸ்ஆரைத் தயாரித்த இயந்திரத்திலேயே அதுவும் உருவாகியிருக்கும். நண்பரிடம் கேட்டுப் பாருங்கள். தொலைந்திருந்தால் புதிய சாவியும் புதிய சிஎஸ்ஆரும் உருவாக்கிச் சான்றிதழை மீள வழங்கக் கேட்க வேண்டியதுதான். பின்னாளில் விண்டோஸ் சேர்வருக்கு மாறினால், சான்றிதழையும் சாவியையும் கடவுச்சொல்லிட்டு ஒன்றாகப் பொதியும் பிஎஃப்எக்ஸ் கோப்பை ஓபன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருள் கொண்டு ஆக்கிக்கொள்ளலாம். அதை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும், இதுவரை உங்கள் தளத்தைத் திறந்திராத ஒரு கைபேசியில் சோதித்துப் பாருங்கள்.