பிஸ்டன் பின் இறங்கவில்லையே, சுத்தியல் போடலாமா?

கே: பழைய 350 சி.சி. புல்லட் இன்ஜினைப் பிரிக்கிறேன். பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பின், அதை இருபுறமும் பிடிக்கும் சர்க்கிளிப் வளையங்கள் இரண்டையும் எடுத்தும் நகரவில்லை. தட்டி எடுக்கலாமா?
- வாசகர், அல்சூர், பெங்களூரு

ப: தட்டவே தட்டாதீர்கள். அடி முழுவதும் கனெக்டிங் ராடில் இறங்கும். ராட் வளையும், அதன் அடிமுனையிலுள்ள பிக் எண்ட் பேரிங்கும் கெடும். பின் வெளிவராததற்குப் பெரும்பாலும் காரணம், சர்க்கிளிப் காடியின் ஓரத்தில் எழும்பிய பிசிறும் காய்ந்த கரியும்தான். முதலில் அதைச் சுரண்டுங்கள். பிஸ்டனுக்குக் கீழுள்ள கிராங்க்கேஸ் வாயில் துகள் விழாதபடி துணியால் அடைத்துவிட்டுத்தான்!

பிறகு, பின்னை இழுத்தெடுக்கும் புல்லர். உங்கள் ஊர் ஜே.சி. ரோட்டில் கிடைக்கும், நாமே செய்தாலும் போதும். பின்னின் துளை வழியே 8 மி.மீ. திரெட் ராடை (மரையிட்ட கம்பி) விடுங்கள். மறுமுனையில் நட்டும் வாஷரும். அந்த வாஷர் பின்னைவிடச் சிறியதாக இருக்கணும், இல்லையென்றால் பிஸ்டனிலேயே முட்டி நிற்கும். இந்தப் பக்கம், பின் உள்ளே புகும் அளவுக்கு அகலமான குழாய்த் துண்டு. அது பிஸ்டனில் உட்காரும் இடத்தில் ரப்பர் வையுங்கள். அலுமினியம் சீக்கிரம் கீறும். குழாயின் மேல் பெரிய வாஷர், நட். ஸ்பேனரால் முறுக்க முறுக்கப் பின் குழாய்க்குள் வரும். கனெக்டிங் ராடின் மேல்முனையிலுள்ள சின்னக் கண்ணைப் பின் தாண்டினால் போதும்.

அசையவில்லையா? கொதிநீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பிஸ்டனில் சுற்றுங்கள். அலுமினியம் எஃகைவிட அதிகம் விரியும், பிடி தளரும். பழைய சர்க்கிளிப்பைத் திரும்பப் போடாதீர்கள். கழன்றால் சிலிண்டரையே உழுதுவிடும்.